பள்ளம் மூடுமுன்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹார்டுவேர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஏழு மாதம் பீரோ மேல் கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்திருக்கிறேன். எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார். என்னிடம் போய்ச் சொல்கிறார். முப்பத்துநாலு வருஷம் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராக இருந்து, எந்தத் தெரு வால்வை எத்தனை சுற்றுத் திறந்தேன் என்று ஒரு நாள் விடாமல் எழுதியவன் நான்.

எழுதப் போவது ஆவுடையின் கண்ணைப் பற்றி. என் மனைவி ஆவுடையம்மாளுக்கு இருப்பது ஒரு கண்தான். இடது கண் பத்தொன்பது வயதில், நெல் தூற்றும்போது உமி விழுந்து புண்ணாகிப் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே நாற்பது வருஷமாக என் குறைகளை எல்லாம் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். அந்தக் கண்ணில் இப்போது புரை. போன மாதம் முகாமில் புரையை எடுத்துவிடலாம் என்றார்கள். எடுப்பதற்கு முன்னால் கண்ணோரத் துளையில் மழுங்கின ஊசியை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். தண்ணீர் உள்ளே இறங்கித் தொண்டைக்குப் போக வேண்டுமாம். போகவில்லை. சீழோடு திரும்பி வந்தது.

கண்ணீர் வடிகிற பை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சீழ் இருக்கும்போது புரையில் கை வைத்தால் கிருமி கண்ணுக்குள் போய், இருக்கிற ஒன்றும் போய்விடும். முதலில் அடைப்பு, அப்புறம்தான் புரை.

அடைப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரிக்குத் தென்காசியிலிருந்து ஆறு மணி பஸ். ஒன்பதரைக்கு டோக்கன். பன்னிரண்டு மணிக்கு டாக்டர்.

டாக்டர் எப்சிபா எங்கள் மகள் கோமதியைவிடச் சின்னப் பெண். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணோரத்தில் மேல் இமையில் ஒரு துளை, கீழ் இமையில் ஒரு துளை. இரண்டும் சேர்ந்து ஒரு பைக்குள் போகின்றன. பைக்குக் கீழே மூக்குக்கு இறங்கும் குழாய். அதுதான் அடைத்திருக்கிறது. அந்தக் குழாயை விட்டுவிட்டு, மூக்கெலும்பில் துளை போட்டுப் பையை நேரே மூக்குக்குள் திறந்துவிடப் போகிறாராம்.

"பைபாஸ் லைன்," என்றேன்.

"கரெக்ட் சார்," என்று சிரித்தார். புது வழி ஆறும் வரை மூடிக்கொள்ளாமல் இருக்க நூல் மாதிரி ஒரு சிலிக்கான் குழாயை வைப்பார்களாம்.

"எல்லாருக்கும் சரியாப் போயிருமாம்மா?"

"பத்துப் பேருக்குச் செஞ்சா ஒன்பது பேருக்கு நல்லா இருக்கும்."

"பத்தாவது ஆளுக்கு?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் ஆவுடை என் சட்டைக் கையை இழுத்து, "அத்தான், நீங்க ஒண்ணும் கேக்காதிய," என்றாள். வெளியே வந்ததும், பத்தாவது ஆள் வேறு ஊர்க்காரராக இருக்கும் என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

உள்ளே கொண்டுபோனது 10.20. வெளியே கொண்டுவந்தது 11.45.

அந்த எண்பத்தைந்து நிமிஷம் என்ன செய்வது என்று தெரியவில்லை. வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு வாஷர் வாங்கி மாட்டி நிறுத்தினேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சொட்டுவது நின்றதும் மறுபடியும் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்கோரம் நாலு தையல். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து கனம் தூக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக் கூடாது. சொட்டு மருந்து காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8.

நான்காவது கட்டளையைக் கேட்டதும்தான் ஆவுடைக்கு முகம் வாடியது. ஆறின காப்பி அவளுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொட்டு மருந்து நாலு வேளையும் சரி. நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, மருந்து எது ரசம் எது என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தையல் பிரித்தார்கள். டாக்டர் ஊசியில் தண்ணீர் பாய்ச்சினார். ஆவுடை எச்சில் விழுங்கி, "உப்புக் கரிக்கு, தொண்டையில இறங்குது," என்றாள். என் கண் கலங்கிவிட்டது. அங்கே இருந்த மூன்று பேரில் கண் ஒழுகினது எனக்கு மட்டும்தான்.

"இனி ஆறு வாரம் கழிச்சு வாங்க. அப்ப சிலிக்கான் குழாயை எடுத்துரலாம். அதுக்கப்புறம் புரை ஆபரேஷன்."

"நடுவுல ஒரு தடவை தண்ணி விட்டுப் பாக்க வேண்டாமாம்மா?"

"அடிக்கடி நோண்டினா புண்ணாகும் சார். சும்மா விட்டாலே போதும்."

ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். புது லைன் போட்டு நாற்பத்திரண்டு நாள் திறந்து பார்க்காமல் இருக்கச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. டெஸ்ட் பார்க்காமல் பள்ளத்தை மூடக் கூடாது. குழாய் பதித்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பை வைத்துப் பிரஷர் ஏற்றிப் பார்க்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு தெருவில் சோம்பல்பட்டு மூடிவிட்டேன். மூன்றாம் நாள் நடுத்தெரு ஊறிப்போய், மறுபடி தோண்டினோம். அந்தத் தெருக்காரர்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பள்ளத்தையும் சும்மா மூடினது கிடையாது.

இன்று காலை சொட்டு மருந்து போட்ட பிறகு ஆவுடையிடம் மூக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, லேசாக ஊதச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணோரத் துளையில் கடுகு அளவுக்கு ஒரு காற்று முட்டை வந்து உடைந்தது. லைன் கிளியர். காற்று மேலே வருகிறது என்றால் தண்ணீர் கீழே இறங்கும்.

"டாக்டரம்மா ஊதக் கூடாதுன்னாங்களே," என்றாள்.

"சிந்தத்தான் கூடாதுன்னாங்க. இது டெஸ்டு."

"உங்களுக்கு ரிட்டயர் ஆனதே மறந்துபோச்சு அத்தான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று காலை மனசு லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

டெஸ்ட் ஓ.கே. கீரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டெஸ்ட் ஓ.கே. கோமதி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வேறு யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டெஸ்ட் ஓ.கே. சாரல். துணி காயவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

டெஸ்ட் ஓ.கே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் டெஸ்ட் ஓ.கே.

ஞாயிறு என்றால் ஆவுடைக்குக் குறுக்கெழுத்து. இருபத்தைந்து வருஷமாகக் கட்டம் நிரப்பித் தபாலில் அனுப்புகிறாள். இதுவரை வந்த பரிசு ஒரு டிபன் கேரியர். இந்த ஆறு மாதமாகக் கட்டம் தெரியாததால் நான் வாசிக்க அவள் சொல்கிறாள். நான் புள்ளி எழுத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறேன் என்று சண்டை. கண் சரியானதும் முதல் வேலையாக என்னை இந்தப் பதவியிலிருந்து நீக்கப் போகிறாளாம்.

பேப்பர் வாங்கி வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்ன என்று கேட்டேன். அரிப்பு என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டெஸ்ட். முட்டை சின்னதாக வந்தது. ஓ.கே. என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டெஸ்ட். இரண்டாம் தடவை ஊதியபோதுதான் வந்தது. உள்ளே பொருக்குத் தட்டியிருக்கலாம். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. அரிசி ஊறப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

ஆவுடைக்குத் தும்மல் வந்தது. கண்ணோரத்தில் சிலிக்கான் குழாய் வெளியே வந்துவிட்டது. ஒரு விரல் நீளம், வளையமாகக் கண் மேல் கிடக்கிறது. இமையை மூட முடியவில்லை.

கொழுக்கட்டை மாவு அப்படியே இருக்கிறது. விடுமுறை நாள். பஸ்ஸில் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போனேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று டியூட்டி டாக்டர்தான் இருந்தார். குழாயை உள்ளே தள்ளப் பார்த்தார், போகவில்லை. குழாயின் இரண்டு முனையையும் மூக்குக்குள் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சு மேலே ஏறிச் சிக்கியிருந்தது. போனில் டாக்டர் எப்சிபாவிடம் பேசிவிட்டு, வெட்டி எடுத்துவிட்டார். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டியது பதினாறு நாளில் வந்துவிட்டது.

"மூக்கைப் பலமா சிந்துனீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை, "இல்ல டாக்டர், தும்மல் வந்துச்சு," என்றாள்.

அவர் தும்மல் என்று எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

நீர் வடியவில்லை. குழாய் இல்லாமலும் வழி திறந்தே இருக்கிறது போல. குழாய் வைக்காமலே செய்கிற டாக்டர்கள் உண்டு என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கூடச் சொன்னார். டெஸ்ட் எதுவும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

குறுக்கெழுத்து. ஒன்பது கட்டம் பாக்கி. சண்டை இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் எழுந்ததும் ஆவுடையின் வலது கன்னம் ஈரமாக இருந்தது. "அழுதியா?" என்றேன். "எதுக்கு அழப் போறேன்," என்றாள். முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடம் பத்து நிமிஷத்தில் மறுபடி நனைந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

தண்ணீர் பாய்ச்சினார்கள். திரும்பி வந்துவிட்டது.

டாக்டர் எப்சிபா மூக்குக்குள் விளக்கு வைத்த குழாயை விட்டுத் திரையில் காட்டினார். துளை இருந்த இடத்தில் வெள்ளையாகச் சதை வளர்ந்து மூடியிருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டேன். ஏன் என்று கேட்கிற உரிமை எனக்கு இருப்பது போலவே கேட்டேன்.

பல காரணம் இருக்கலாமாம். சில பேருக்கு உடம்பே அப்படி, சின்ன வெட்டுக்கும் தடித்த தழும்பு வரும். எலும்புத் துளை சிறுத்திருக்கலாம். உள்ளே கிருமி தங்கியிருக்கலாம். குழாய் சீக்கிரம் வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மூக்கின் நடுத்தண்டு வலது பக்கம் வளைந்து துளையை ஒட்டி நிற்பதும் காரணமாக இருக்கலாம்.

எங்கள் வேலையில் தோண்டினால் தெரிந்துவிடும். இந்த இணைப்பு, இந்த விரிசல், இவன் செய்த வேலை என்று கையை வைத்துச் சொல்லலாம். இங்கே ஐந்து காரணம் சொல்கிறார்கள், எதையும் தோண்டிக் காட்ட முடியாது. ஐந்தையும் எழுதி வைத்துவிட்டு அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வராந்தாக் குழாய் மறுபடி சொட்டுகிறது. இன்று நான் அதைத் தொடவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஆவுடை குழம்பில் உப்புக்குப் பதில் ஜீனியைப் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் தொட்டாலே தெரியும் அவளுக்கு. நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மா வந்து, "ஏன் ஆவுடை அழுதுக்கிட்டே இருக்க, அண்ணன் ஏதும் சொன்னாகளா?" என்று கேட்டாள். இது கண் வியாதி என்று ஆவுடை விளக்கிச் சொன்னாள். அந்த அம்மா போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மூக்கோரம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். காய்ச்சல் 102. தொட்டால் துடிக்கிறாள். ஈரத்துணியை நெற்றியில் போடலாம், மாத்திரை கொடுக்கலாம். அதற்கு மேல் என்னால் ஆகிற காரியம் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பானரை வைத்து நாலு தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். இந்தப் பெரியவனால் ஒரு கடுகளவு துளையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

குறுக்கெழுத்து வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

சீழைக் கீறி எடுத்தார்கள். வலி குறைந்திருக்கிறது.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, புரை முற்றிக் கல்லாகி வருகிறது. இனித் தள்ளிப்போட முடியாது. புரை உள்ளேயே கரைந்தால் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு போய்விடும். இரண்டு, அடைப்பை மறுபடி திறக்க வேண்டும். மூக்குத்தண்டு வளைவுதான் முதல் தடவை கெடுத்தது என்று அவருக்கு இப்போது தோன்றுகிறது. குழாய் ஒரு தும்மலுக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே இடம் சரியில்லாமல்தான் இருந்திருக்க வேண்டுமாம். அதனால் தண்டையும் சேர்த்து நிமிர்த்த வேண்டும். அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். ஆவுடைக்கு இதய வால்வில் பழைய கோளாறு உண்டு. மயக்க டாக்டர் கையெழுத்துக் கேட்கிறார்.

வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஆகஸ்ட் 27-ஆம் தேதி பக்கத்தில் எழுதியிருப்பது பொய். டைரியில் பொய் எழுதினது இதுதான் முதல் தடவை. ஆவுடைக்கு வாசிக்க முடியாது. என் சொந்த டைரியில், ஒருவருக்கும் தெரியாத இடத்தில், எனக்கே பொய் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இது. காலையில் கொழுக்கட்டைக்கு வெல்லம் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆவுடை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். டெஸ்ட் பார்க்கலாமா என்றேன். "இன்னைக்கு வேண்டாம் அத்தான்," என்றாள். ஒரே ஒரு தடவை என்றேன். ஊதினாள். முட்டை வரவில்லை. இன்னும் கொஞ்சம் பிரஷர் என்றேன். ஊதினாள். வரவில்லை. அவள் மூக்கை அவள் சரியாகப் பிடிக்கவில்லை, காற்றுக் கசிகிறது என்று நினைத்தேன். என் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பலமா," என்றேன்.

தும்மல் வரவில்லை. ஒன்பது நாள் நான் ஊதச் சொன்னேன். ஒன்பதாம் நாள் குழாய் வந்தது.

ஆவுடை எனக்காகப் பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நம்பி ஒரு டாக்டர் அவள் மூக்குத்தண்டை உடைத்து நிமிர்த்தப் போகிறார். நான் கையெழுத்துப் போடப் போகிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஆவுடையை ரத்தப் பரிசோதனை அறையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன்.

"அம்மாவைக் கூப்பிடட்டுமா சார்?"

"வேண்டாம்மா. நான் தனியா ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். லைன் டெஸ்ட், பள்ளம், முட்டை எல்லாம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் சார்?"

"ஒன்பது நாள்."

"தெனமுமா?"

"தெனமும்."

திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பழைய ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்டு வளைவு லேசானதுதான். தும்மல்னு சொன்னதால அதுமேல பழியைப் போட்டேன். இப்ப அதைத் தொட வேண்டாம். முழு மயக்கமும் வேண்டாம்."

"நான் பாத்த டெஸ்டுலதான் கெட்டுப்போச்சாம்மா?"

"இருக்கலாம்."

"ஊதாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம் சார். அப்படியும் மூடியிருக்கலாம். அந்தத் தழும்பைப் பாத்தா எனக்குச் சொல்லத் தெரியல."

செய்தவன் நானே ஒத்துக்கொண்ட பிறகும், நான்தான் செய்தேன் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை.

மறுபடி துளை போட்டு ஆறு வாரம் காத்திருந்து, அதுவும் மூடிக்கொண்டால் கண் தாங்காது என்றார். வயதானவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. அந்தப் பையையே எடுத்துவிடுவது. பை இல்லை என்றால் சீழ் இல்லை, ஒரு மாதத்தில் புரையை எடுக்கலாம். ஆனால் கண்ணீருக்கு இனி வழியே கிடையாது. அந்தக் கண் ஆயுசுக்கும் வழிந்துகொண்டேதான் இருக்கும்.

வெளியே வந்து ஆவுடையிடம் வைத்தியத்தை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

"தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கண்ணு. எடுத்தா தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"அப்ப வடிஞ்சா வடிஞ்சிட்டுப் போகுது," என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடி வாங்கவில்லை. கோமதி வந்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

பையை எடுத்துவிட்டார்கள்.

பயன்படாத லைனை நாங்கள் முனையில் டம்மி போட்டு அடைத்துவிடுவோம். அது சின்ன வேலை, ஆனால் அந்த வேலை வந்தால் எனக்குப் பிடிக்காது. நான் பதித்த லைனாக இருந்தால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன். இன்று அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தையல் ஆறிவிட்டது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. கைக்குட்டை ஒரு நாளைக்கு ஆறு. துவைத்துக் கொடியில் வரிசையாகப் போடுகிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

புரை ஆபரேஷன். உள்ளே 9.40. வெளியே 10.25. முற்றின புரை என்பதால் கொஞ்சம் நேரமாகிவிட்டதாம். டாக்டரிடம் ஒன்றும் கேட்காதீர்கள் என்று ஆவுடை உள்ளே போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

கட்டு அவிழ்த்தார்கள். எதிரே தொங்கின எழுத்துப் பலகையில் நாலு வரி வாசித்தாள். ஐந்தாவது வரியில் ஒரு எழுத்து தவறு. அப்புறம் என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மீசையெல்லாம் நரைச்சுப் போச்சே அத்தான்," என்றாள். "சொல்லவேயில்ல."

அவள் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நர்ஸ் பஞ்சால் ஒற்றினார். மறுபடி வழிந்தது. அது அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். ஆனாலும் நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோமதி வாங்கிக் கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆவுடை தானே குறுக்கெழுத்துப் போட்டாள். முப்பத்தொரு கட்டமும் நிரம்பிவிட்டது. அவள் எழுத்து மாறவேயில்லை. கட்டத்துக்கு வெளியே எழுதினாலும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைப்பது போலத்தான் எழுதுவாள்.

மத்தியானம், "இத்தனை நாளா என்னமோ எழுதிக்கிட்டே இருந்தியளே, மருந்துக் கணக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும், ஒரு நாள் பாக்கேன்," என்றாள்.

அக்டோபர் 15, 16 பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு பக்கம் போனால் நூல் தளர்ந்து மற்ற பக்கமும் ஆடும். எழுதி முடித்ததும் டைரியை மேஜை மேல் அப்படியே வைக்கப் போகிறேன். சாயங்காலம் லைப்ரரிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் சொட்டு மருந்து நேரத்தைக் குறிக்க டைரியைத் திறந்தேன். அக்டோபர் 15-ஆம் பக்கத்தில், "ஒன்பது நாள் நான் ஊதச் சொன்னேன்" என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், தனித்தனி எழுத்தாக எழுதியிருக்கிறது:

"ஒன்பது டெஸ்ட் இல்லை, பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேப்பர் வாங்கப் போனபோது நானாக ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். சதுர்த்தியன்று நீங்கள் வெல்லம் வாங்கப் போனபோது ஒரு தடவை. அன்றைக்கு முட்டை வரவில்லை என்று பயந்து பலமாக ஊதினேன். உள்ளே என்னவோ இழுத்தது. நீங்கள் வந்து டெஸ்ட் என்றீர்கள். தும்மல் என்று நான் சொன்னது உங்களுக்காக மட்டும் இல்லை."

அடுப்படிக்குப் போனேன். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வலது கன்னம் நனைந்திருந்தது, வழக்கம் போல.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"நீங்க கேட்டியளா?"

கேட்கவில்லை. நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. டெஸ்ட் பார்க்கலாமா என்றுதான் கேட்டேன்.

கொடியிலிருந்து காய்ந்த கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சொட்டு மருந்து காலை 8. போட்டாயிற்று.